கூவத்தில் பறக்கும் சாலை: 2012-ல் தப்பு, இப்போது சரியா?

அமைந்தகரைக்காரன் | 3 ஜூன் 2025, மாலை 6.15

மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலையை 2012-ல் நிறுத்தும்போது சொன்ன காரணம், தூண்கள் ஆற்றுக்குள் நிற்கின்றன, வெள்ளம் போக வழி இருக்காது என்பது. இப்போது அதே கூவத்தில் ஈரடுக்காக வேலை நடக்கிறது. ஆறு அகலமாகிவிட்டதா, கணக்கு மாறிவிட்டதா? கட்சி அரசியல் வேண்டாம். தூண் நட்டால் தண்ணீர் எவ்வளவு ஏறும், அதை மட்டும் யாராவது எண்ணில் சொல்லுங்கள்.

பைல்கேப் | 3 ஜூன், இரவு 9.40

முதலில் காலவரிசை. 2009 ஜனவரியில் அடிக்கல். 2012-ல் பொதுப்பணித்துறை ஆட்சேபித்து வேலை நின்றது. 2014 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியும் வேலை நகரவில்லை. 2022 மே மாதம் 5,852 கோடி ரூபாய்க்கு ஈரடுக்காக மறு அடிக்கல்: கீழ்த்தளம் நகர வண்டிகளுக்கு, மேல்தளம் துறைமுக லாரிகளுக்கு.

தண்ணீர் ஏறும் கணக்குக்கு மோல்ஸ்வொர்த் சூத்திரம், போன் கால்குலேட்டரே போதும். நீரின் வேகத்தை வர்க்கம் எடுத்து 17.88-ஆல் வகுத்து 0.01524 கூட்டுங்கள். அடுத்து, தடை இல்லாதபோது தண்ணீர் ஓட இருந்த குறுக்குவெட்டுப் பரப்பை மிச்சமுள்ள பரப்பால் வகுத்து, அதையும் வர்க்கம் எடுத்து 1 கழியுங்கள். இரண்டையும் பெருக்கினால் மீட்டரில் விடை.

ஒரு மாதிரிக் குறுக்குவெட்டு: 80 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம், பரப்பு 200 சதுர மீட்டர், வேகம் வினாடிக்கு 2 மீட்டர். தூண்கள் 8 சதவீதம் அடைத்தால் மிச்சம் 184. விடை சுமார் 4 சென்டிமீட்டர்.

"இதுக்குத்தானா இத்தனை கூச்சல்" என்று கிளம்பிவிடாதீர்கள். பைலிங் ரிக்கை (தூணின் அடித்தளத்துக்குத் துளை போடும் இயந்திரத்தை) இறக்க ஆற்றுக்குள் கொட்டும் மண் கரை அதே இடத்தில் 40 சதவீதம் அடைத்தால் மிச்சம் 120. விடை 42 சென்டிமீட்டர். தூணால் வருவதைப் போல் பத்து மடங்கு. தூணுக்கு வரைபடம் உண்டு, அனுமதி உண்டு, வழக்கும் உண்டு. மண் கரைக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது.

நீர்மட்டம் | 4 ஜூன், காலை 7.05

பைல்கேப் சார், மோல்ஸ்வொர்த் ஆற்றைக் குறுக்கே தாண்டும் பாலத்துக்கானது. இது ஆற்றோடு கூடவே நடந்து போகிற பாலம். கூவத்தை ஒட்டிய நீளத்தை 10 கிலோமீட்டர், வரிசைக்கு வரிசை 35 மீட்டர் என்று வைத்தால் 285 வரிசை. அதற்காக 285-ஐ 4 சென்டிமீட்டரால் பெருக்கவும் கூடாது, 11 மீட்டர் வந்து நேப்பியர் பாலமே முழுகிவிடும்! முன் தூணின் மறைவில்தான் பின் தூண் நிற்கிறது, இழப்பு அப்படியே கூடாது.

நியாயமான வழி, தூண் வரிசை முழுவதையும் ஆற்றின் சொரசொரப்பாக எடுத்துக்கொள்வது. அந்தச் சொரசொரப்பைச் சொல்லும் மானிங் எண் 0.030 இருந்த இடத்தில் 0.035 ஆனால், அதே வெள்ளம் போக ஆழம் 2.5 மீட்டரிலிருந்து 2.74 ஆகும். 24 சென்டிமீட்டர். இது கைக்கணக்குதான். ஹெக்-ராஸ் என்ற வெள்ளக் கணினி மாதிரியில் 25 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு போட்டு ஓட்டினால்தான் சேத்துப்பட்டில் எவ்வளவு, அமைந்தகரையில் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும்.

இன்னொன்று. சிந்தாதிரிப்பேட்டைக்குக் கீழே வெள்ள மட்டத்தைத் தூண்கள் தீர்மானிப்பதில்லை, முகத்துவாரம்தான் தீர்மானிக்கிறது. சென்னைத் துறைமுகத் தடுப்புச்சுவர் வந்ததிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணல் அதற்குத் தெற்கே தங்கிவிடுகிறது. மெரினா அகலமானதும் வடசென்னைக் கரை அரிக்கப்பட்டதும் அதனால்தான். கூவத்தின் வாயை மணல்திட்டு அடைப்பதும் அதன் தொடர்ச்சியே. திட்டு மூடிய நிலையில் ஐப்பசி மழை கொட்டினால் மேலே தூண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் தேங்கும்.

பைல்கேப் | 4 ஜூன், இரவு 10.20

குறுக்குப் பாலச் சூத்திரத்தைத் தெரிந்துதான் போட்டேன், ஒரு வரிசையின் அளவு கண்ணுக்குப் புலப்படட்டும் என்று. 24 சென்டிமீட்டர் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ஒரு திருத்தம்: அது சுத்தமான தூணுக்கு. கூவத்தில் தூண் சுத்தமாக இருக்காது. முதல் வெள்ளத்தில் ஆகாயத்தாமரை, தெர்மோகோல், மெத்தை, வாழைமட்டை எல்லாம் வந்து சிக்கும். 2.5 மீட்டர் அகலத் தூண் தண்ணீருக்கு 6 மீட்டராகத் தெரியும். பைல் கேப் (தூணுக்கு அடியில் பைல்களின் தலையைச் சேர்த்துக் கட்டும் கான்கிரீட் மேடை) படுகைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றால் இன்னும் மோசம், ஏனென்றால் அதன் அகலமே 6, 7 மீட்டர். கேப்பின் மேல்மட்டம் படுகைக்குக் கீழே புதைந்திருக்க வேண்டும். ஆனால் புதைக்க ஆழமாகத் தோண்டணும், ஷீட் பைல் (இரும்புத் தகட்டுச் சுவர்) அடிக்கணும், தண்ணீர் இறைக்கணும். செலவைக் குறைக்க முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

ட்ரெய்லர் | 5 ஜூன், பிற்பகல் 1.30

எல்லோரும் ஆற்றையே பார்க்கிறீர்கள். லாரிப் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். கன்டெய்னர் லாரிக்குப் பகலில் நகரத்துக்குள் வழி கிடையாது. வடக்கே எண்ணூர், மணலி வழியில் வரிசை கட்டி நிற்கிறது. நிற்கும் லாரி மணிக்கு 2 முதல் 3 லிட்டர் டீசல் குடிக்கும். 10 மணி நேரம் நின்றால் 25 லிட்டர், கார்பன் டை ஆக்சைடு மட்டும் 67 கிலோ. அந்தப் புகையைச் சுவாசிப்பது திருவொற்றியூர். கூவம் நாறும் என்கிற கவலையில் கால்வாசிகூட வடசென்னைப் புகைக்குக் கிடைப்பதில்லை.

பைல்கேப் | 5 ஜூன், இரவு 9.15

ட்ரெய்லர் சொல்வது நியாயம். ஆனால் இன்ஜினை ஓடவிட்டு நிற்பதுதான் கோளாறு என்றால் அதற்கு மலிவான மருந்துகளும் உண்டு: துறைமுக வாசலில் லாரிக்கு நேர ஒதுக்கீடு, சுங்கச் சோதனையைத் துறைமுகத்துக்கு வெளியே முடிப்பது, உள்நாட்டு முனையத்துக்கு ரயிலில் ஏற்றுவது. இதையெல்லாம் செய்த பிறகும் மிஞ்சுகிற லாரிக்கு எத்தனை தடம் வேண்டும் என்று கேட்கலாம். பாலத்தின் பக்கமும் கார்பன் சும்மா இல்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 300 முதல் 400 கிலோ. நிற்கும் லாரியின் புகையைக் கணக்கில் வைப்பவர்கள் இதையும் வைக்கட்டும்.

வடசென்னைக்கு இடம் மாற்றும் பழக்கமும் நமக்குப் புதிதில்லை. நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று 2011-ல் நிறுத்தியதும் அது எண்ணூருக்குப் போனது. தூசி அதே தூசி, விழும் இடம்தான் மாறியது.

அமைந்தகரைக்காரன் | 6 ஜூன், காலை 8.00

மண் கரை மண் கரை என்கிறீர்களே, வேலை முடிந்ததும் எடுத்துவிட மாட்டார்களா?

பைல்கேப் | 6 ஜூன், இரவு 11.05

எடுப்பார்கள். எப்படி என்பதுதான் விஷயம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்குள் ஒரு பைல் (மண்ணுக்குள் இறங்கும் அடித்தளக் கான்கிரீட் உருளை) போடும் வரிசை இது. கரையிலிருந்து மண்ணும் இடிபாடும் கொட்டி, ரிக் நிற்க மேடை. சகதி சரியாமல் இருக்க இரும்பு லைனர். ரிக் துளையிடும்போது பக்கம் இடியாமல் பிடிக்க பென்டோனைட் என்ற களிமண் குழம்பு. கம்பிக் கூட்டை இறக்கி, ட்ரெமி குழாயை அடிவரை விட்டு, கீழிருந்து மேலாகக் கான்கிரீட். கான்கிரீட் ஏற ஏற, அதே அளவு குழம்பு மேலே வழிந்து வெளியே வரும்.

1.2 மீட்டர் விட்டம், 25 மீட்டர் ஆழம் என்றால் ஒரு பைலுக்கு 28 கன மீட்டர். தூணுக்கு நாலு பைல் என்றால் 113 கன மீட்டர் குழம்பு, அது போக அதே அளவு தோண்டிய சகதி. தோண்டிய மண் உப்பும் என்பதால் ஒரு பைலுக்கே மூன்று, நாலு டிப்பர் நடை. குழம்பைத் தொட்டியில் பிடித்து மணலைப் பிரித்து மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் கடைசியில் வருகிற குழம்பில் சிமென்ட் கலந்திருக்கும், காரத்தன்மை பிஎச் 11, 12 வரை போகும், அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. தொட்டி போதாமல் போகும் இரவுகளில் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை, பக்கத்திலேயே ஆறு இருக்கிறது.

இப்போது மண் கரை. ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அது மொத்தத் தொகைக்குள் அடங்கிவிடும், எடுப்பதற்குத் தனி அளவு, தனி பில் கிடையாது. பொக்லைன் வந்து தண்ணீருக்கு மேலே தெரிவதை வாரும். கீழே ஒரு மீட்டர் அப்படியே தங்கும். கரையில் நின்று பார்த்தால் ஆறு சுத்தமாகத் தெரியும், போட்டோவும் எடுப்பார்கள். கூவத்துத் தண்ணீரில் ஒரு சாண் கீழே பார்க்க முடியுமா? அடுத்த மழையில் அந்தத் திட்டின் மேல் புதர் முளைக்கும், மூன்றாவது வருஷம் அது கரையாகவே ஆகிவிடும்.

இதைத் தடுக்கும் முறை ரொம்பச் சாதாரணம். வேலைக்கு முன் 25 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு, சின்னப் படகில் எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) வைத்து. முடிந்தபின் அதே இடங்களில் மறுபடி. இரண்டும் பொருந்தும்வரை ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்து வைத்த தொகையை விடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசிக்குள், எல்லா மண் கரையையும் வெட்டித் திறந்துவிட வேண்டும். கரைக்குக் கீழே தண்ணீர் போக நாலு ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போட்டிருக்கிறோம் என்பார்கள். 900 மில்லிமீட்டர் பைப் நாலும் சேர்ந்து 2.5 சதுர மீட்டர்தான். 200 சதுர மீட்டரில் 2.5.

நீர்மட்டம் | 7 ஜூன், காலை 6.50

அந்த ஹியூம் பைப் முதல் வாரத்திலேயே பாலித்தீனால் அடைத்துக்கொள்ளும். பூஜ்ஜியம் என்றே வையுங்கள்.

அமைந்தகரைக்காரன் | 8 ஜூன், மாலை 4.30

சரி, எல்லாம் ஒழுங்காக எடுத்துவிட்டார்கள் என்றே வைப்போம். அப்புறம் பாலத்தின் நிழல் ஆற்றுக்குக் கெடுதலா?

பைல்கேப் | 8 ஜூன், இரவு 9.50

அமெரிக்காவில் சியாட்டிலில் கடல்சுவரைப் புதுப்பித்தபோது மேலே நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகள் பதித்தார்கள், கீழே தண்ணீருக்கு வெளிச்சம் போவதற்கு. சால்மன் குஞ்சுகள் இருட்டான தண்ணீருக்குள் நுழையத் தயங்கும், அதனால். அங்கே நிழல் பெரிய விஷயம். நகரத்துக் கூவத்தில் கரைந்த ஆக்சிஜனே இல்லை, நிழலால் புதிதாக இழக்க அதிகம் ஒன்றுமில்லை. முகத்துவாரப் பக்கத்துச் சதுப்புச் செடிகளுக்கு வேண்டுமானால் பாதிப்பு.

நான் பயப்படுவது தலைக்கு மேலே இருக்கும் இடைவெளியைப் பற்றி. பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி என்று வந்தது. தூண்கள் கால்வாய்க்குள், நிலையங்கள் கால்வாய்க்கு மேலே. நிலையத்துக்கு அடியில் பொக்லைன் கை தூக்க முடியாது, டிப்பர் நிற்க ஓரம் கிடையாது. கட்டும்போது கால்வாய் எவ்வளவு குறுகியது என்று எல்லோரும் பேசினார்கள். பிறகு அதை யார் எப்படித் தூர்வாருவது என்று யாரும் பேசவில்லை. தூர்வார முடியாத நீர்வழியைச் சாக்கடை என்றுதான் சொல்ல முடியும்.

பைல்கேப் | 8 ஜூன், இரவு 10.30

விட்டுப்போனது ஒன்று. தூர்வாருவதற்கும் தூணின் ஆழத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வெள்ளம் அரிக்கும் ஆழத்தை ஐஆர்சி 78 (பால அடித்தளத்துக்கான இந்திய விதித்தொகுப்பு) முறையில் போட்டால், மேலே சொன்ன அதே குறுக்குவெட்டில் மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு 5 கன மீட்டர் ஓட்டம், மெல்லிய மணல் படுகை: சராசரி அரிப்பு வெள்ள மட்டத்திலிருந்து 4 மீட்டர், தூணுக்கு அதைப் போல் இரு மடங்கு, 8 மீட்டர். அதாவது படுகைக்குக் கீழே 5.5 மீட்டர் வரை மண் இல்லை என்று நினைத்துத்தான் பைலை வடிவமைக்கணும்.

நாளைக்கு நீர்வளத்துறை படுகையை ஒன்றரை மீட்டர் ஆழப்படுத்த நினைத்தால்? பைல் இன்றைய படுகையை வைத்து வடிவமைத்தது என்றால் "தூண்களுக்குப் பக்கத்தில் தோண்டாதே" என்று கடிதம் வரும். 35 மீட்டருக்கு ஒரு தூண் வரிசை இருக்கிற ஆற்றில் தூணுக்குப் பக்கம் இல்லாத இடம் எது? ஆகவே வடிவமைப்பில் எழுத வேண்டியது ஆற்றின் வருங்காலப் படுகை மட்டம், இன்று கிடக்கிற சேற்றின் மேல்மட்டம் அல்ல. இந்த ஒரு எண் வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே இரண்டு துறையும் ஒரு முறையாவது சேர்ந்து உட்கார்ந்தார்களா என்று தெரிந்துவிடும்.

ட்ரெய்லர் | 9 ஜூன், பிற்பகல் 2.10

மும்பையில் கடலையே தூர்த்து ரோடு போட்டார்கள், நாம் ஆற்றோரம் நாலு தூணுக்கு இத்தனை பேச்சு.

பைல்கேப் | 9 ஜூன், இரவு 8.45

அங்கேயும் பேச்சு குறைவில்லை. 10.58 கிலோமீட்டர், சுமார் 111 ஹெக்டேர் கடல் தூர்த்தது. 2019 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் கடலோர அனுமதியை ரத்து செய்தது, டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. 2024 மார்ச்சில் ஒரு பக்கம் திறந்தார்கள். ஹாஜி அலி, வொர்லியில் இருந்த பவளங்களைப் பெயர்த்து இடம் மாற்றி வைத்தார்கள். இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அதில் அனுமதி கிடையாது, அது தனி விவாதம்.

நமக்கு உதவுகிற சங்கதி வொர்லி கோலி மீனவர்களின் வாதம். அவர்களின் படகு வழியில் தூண்களுக்கு இடையே 60 மீட்டர் என்று வடிவமைத்திருந்தார்கள். அலை அடிக்கும்போது அந்த இடைவெளியில் படகு தூணில் மோதும், 160 வேண்டும் என்று மீனவர்கள் நின்றார்கள். 2022 கடைசியில் 120 மீட்டருக்கு ஒத்துக்கொண்டார்கள். ஸ்பான் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப் பகுதி) நீளம் பொறியாளரின் சொந்த விஷயம் மாதிரி பேசுவார்கள், அப்படி இல்லை. தூண்களைக் குறைத்தால் கர்டர் (தளத்தைத் தாங்கும் உத்தரம்) கனமாகும், பணம் கூடும், ஆறு பிழைக்கும்.

நீர்மட்டம் | 10 ஜூன், காலை 7.20

சியோலையும் யாராவது இழுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சியோங்கேசியோன் ஓடைமேல் இருந்த மேம்பாலத்தை 2003 முதல் 2005-க்குள் இடித்து 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தார்கள். அழகுதான். ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் பம்ப் செய்வது. கூவத்துக்குப் பம்ப் வைத்தால் எங்கிருந்து இறைப்பீர்கள், குடிநீர் ஏரியான பூண்டியிலிருந்தா?

பைல்கேப் | 10 ஜூன், இரவு 10.00

பூண்டியில் கை வைத்தால் மெட்ரோ வாட்டர்காரர்கள் சும்மா விட மாட்டார்கள்.

பாலம் திறந்த பிறகு வருகிற கெடுதலைப் பற்றி இங்கே ஒருவரும் எழுதவில்லை: மழைநீர். 20 மீட்டர் அகலத் தளம், ஒரு கிலோமீட்டருக்கு 20,000 சதுர மீட்டர். முதல் 15 மில்லிமீட்டர் மழையே 300 கன மீட்டர், அதாவது 3 லட்சம் லிட்டர். கோடை முழுக்கச் சேர்ந்த டயர் தூள், பிரேக் தூளிலிருந்து வரும் செம்பு, துத்தநாகம், எண்ணெய் எல்லாம் அதில்தான் இறங்கும். டயர் ரப்பரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறி, மழைநீரில் இறங்கி கோஹோ சால்மனைக் கொல்கிறது என்று 2020-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மீன் வகைக்கு வகை தாங்கும் அளவு மாறும். கழிமுகத்து மடவை மீனைத் தின்கிற ஊர் நம்முடையது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நம் ஊர் மேம்பாலங்களில் தண்ணீர் இறக்கும் குழாயைப் பார்த்திருப்பீர்கள். 150 மில்லிமீட்டர் பிவிசி, தூணோடு கிளாம்ப் போட்டு இறங்கும். மேலே சல்லடை திருட்டுப்போயிருக்கும், வளைவில் குட்கா பாக்கெட் அடைத்திருக்கும், ஆள் உயரத்துக்கு மேலே இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் அந்தரத்தில் கொட்டும். கூவத்தின் மேல் அப்படிக் கொட்டினால் யாரும் புகார்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது: குழாய்களைக் கரைப்பக்கம் திருப்பி, வண்டலும் எண்ணெயும் பிரிகிற தொட்டிக்கு இறக்குவது. கிலோமீட்டருக்கு 300 கன மீட்டர் என்றால் 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். இடம் பாலத்துக்கு அடியிலேயே இருக்கிறது, பார்க்கிங் போடாமல் இருந்தால். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்கு நடுவில் ஒரு தடவை வண்டலை அள்ள வேண்டும். அள்ளாத தொட்டி முதல் பெரு மழையில் சேர்த்து வைத்த அத்தனையையும் மொத்தமாக ஆற்றில் தள்ளும், அதற்குத் தொட்டியே இல்லாமல் இருப்பது மேல்.

அமைந்தகரைக்காரன் | 11 ஜூன், காலை 9.10

கரையில் குடியிருந்தவர்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லையே.

பைல்கேப் | 11 ஜூன், இரவு 9.30

சேர்க்கணும். கூவக் கரையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் போன இடங்கள் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர். முதல் இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம். வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று ஆற்றங்கரையில் இருந்தவர்களைச் சதுப்பு ஓரத்துக்கு மாற்றினால், வெள்ளம் குறைந்ததாக எந்தக் கணினி மாதிரியும் காட்டாது. வீட்டு வேலைக்குச் சிந்தாதிரிப்பேட்டைக்கு நடந்து போனவர் இப்போது இரண்டு பஸ் மாறுகிறார் என்பதும் போக்குவரத்துக் கணக்கில் வர வேண்டிய எண்தான்.

மிச்சம் இருப்பவர்களுக்குச் சத்தம். ஸ்பானுக்கு ஸ்பான் இருக்கிற இணைப்பில் 40 அடி ட்ரெய்லர் ஏறி இறங்கும் "தடக் தடக்" மூன்றாம் மாடிக்கு நேராக வரும், அதுவும் இரவில். நாலைந்து ஸ்பானைத் தொடர்ச்சியாக இணைத்துக் கட்டினால் இணைப்புகள் குறையும். இதைக் கட்டுமுன் கேட்டால்தான் நடக்கும்.

அமைந்தகரைக்காரன் | 12 ஜூன், காலை 8.25

கேட்பது என்றால் யாரிடம், என்னவென்று? பொதுவாகக் கேட்டால் பொதுவாகப் பதில் வரும்.

பைல்கேப் | 12 ஜூன், இரவு 10.40

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய், 30 நாள். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஆன்லைனிலேயே போடலாம். "வெள்ள ஆய்வு தருக" என்று கேட்காதீர்கள், முன்னுரைப் பக்கத்தை அனுப்புவார்கள். இப்படிக் கேளுங்கள்: வேலைக்கு முன் எடுத்த ஆற்றுக் குறுக்குவெட்டுகள், தேதியுடன். பைல் வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட படுகை மட்டம், அதற்கு நீர்வளத்துறை தந்த கடிதத்தின் நகல். ஆற்றுக்குள் போட்ட மண் கரைகளின் பட்டியல், எந்த இடம், எத்தனை கன மீட்டர், அகற்றிய தேதி, அகற்றியபின் எடுத்த மட்டம். தோண்டிய சகதியைக் கொட்டிய இடங்கள். சுற்றுச்சூழல் அனுமதியின் ஆறு மாத இணக்க அறிக்கைக்குத் தகவல் உரிமை மனுவே வேண்டாம், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

நீர்மட்டம் | 13 ஜூன், காலை 6.35

இடத்தைத் தூண் எண் போட்டுக் குறிப்பிடுங்கள். "அமைந்தகரை அருகில்" என்று எழுதினால் "கோரிய தகவல் திரட்டப்படவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மண் கரை பற்றிய மனுவை ஆகஸ்டிலேயே போடுங்கள், பதில் செப்டம்பரில் வந்தால்தான் மழைக்கு முன் போய்ப் பார்க்க முடியும்.